அம்மாவின் சேலையை அம்மாவே எடுக்கட்டும்!

தீபாவளி நெருங்கினால் தேனி ஜவுளிக்கடைகளில் கால் வைக்க இடம் இருக்காது. கம்பம், போடி, ஆண்டிபட்டி என்று நாலா பக்கமும் இருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள்.

மகளுக்கு ஒரு மணி நேரம் பார்ப்பார்கள். மருமகளுக்கு அரை மணி நேரம். பேரப் பிள்ளைகளுக்கு நாலு கடை ஏறி இறங்குவார்கள். பணம் கட்டப் போகும்போதுதான் ஒருவருக்கு நினைவு வரும்.

"அடடா! அம்மாவுக்கு எடுக்கலையே! வயசானவங்க கட்டுற மாதிரி ஏதாவது ஒண்ணு எடுத்துப் போடுங்க!"

கடைக்காரர் பழுப்பு நிறத்தில் ஒன்றை எடுத்துப் போடுவார். அம்மா அங்கேதான் நிற்பாள். அவளை யாரும் கேட்க மாட்டார்கள். அவளும் வாய் திறக்க மாட்டாள்.

இது சரியா? சரி இல்லை என்பதே என் கருத்து. வயது ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் உடையைப் பார்த்து எடுக்க வேண்டும். உடம்பு மாறுகிறது. முழங்கால் வலிக்கிறது. கண் மங்குகிறது. அந்த நேரத்தில் பொருந்தாத உடை அழகைக் கெடுப்பதோடு நிற்காது. ஆளையே கீழே தள்ளிவிடும்.

உழைக்கும் பெண்கள்

நமது கம்பம் பள்ளத்தாக்கில் ஐம்பது வயதுப் பெண்கள் பலர் வீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. விடியும் முன்பே ஜீப் ஏறுகிறார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மலையில் உள்ள ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். சிலர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று, தூக்கிய கையை இறக்காமல் வேலை செய்கிறார்கள். சிலர் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயலில் நாற்று நடுகிறார்கள்.

இவர்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக் கொள்கிறார்கள். வெயிலும் முள்ளும் உடம்பில் படாமல் இருக்க அவர்களே கண்டுபிடித்த வழி இது. உடை என்பது உடம்புக்கும் வேலைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். மற்றவர்களும் அவர்களிடம் கற்றுக் கொள்ளலாம்.

நீளம் எவ்வளவு?

சேலை சாதாரணமாக ஐந்தரை மீட்டர் நீளம் இருக்கும். ஆனால் அது தரையில் புரளுமா, புரளாதா என்பதை முடிவு செய்வது உள்பாவாடைதான். பலர் இதைக் கவனிப்பதில்லை. கடையில் கிடைத்ததை வாங்குகிறார்கள். நீளம் அதிகமானால் இடுப்பில் சுருட்டிக் கட்டுகிறார்கள். இதனால் வயிறு பெரிதாகத் தெரியும். நடக்கும்போது அவிழவும் செய்யும்.

அளவு எடுப்பது எளிது. எப்போதும் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள். நாடா கட்டும் இடத்தில் இருந்து கணுக்கால் எலும்பு வரை வேறு ஒருவர் அளக்கட்டும். அதில் ஒரு அங்குலம் குறைத்துக் கொள்ளுங்கள். அதுதான் உள்பாவாடையின் உயரம். ஏற்கெனவே வாங்கியது நீளமாக இருந்தால் கீழ்ப்பக்கம் மடித்துத் தைத்துவிடுங்கள்.

சேலை கணுக்காலைத் தொடலாம். குதிகாலைத் தாண்டக் கூடாது. படி ஏறும்போது கொசுவம் காலில் சிக்கினால் என்ன ஆகும்? வயதான காலத்தில் இடுப்பு எலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான்.

"கணுக்கால் தெரிந்தால் அசிங்கம்" என்று சிலர் சொல்வார்கள். நமது பாட்டிமார் பின்கொசுவம் வைத்துக் கட்டினார்கள். கண்டாங்கிச் சேலை கெண்டைக்கால் வரைதான் இருந்தது. அப்படிக் கட்டித்தான் களை எடுத்தார்கள், கதிர் அறுத்தார்கள். அவர்களை யாராவது குறை சொல்ல முடியுமா?

நாடாவைக் கவனியுங்கள்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. உள்பாவாடை நாடாவைக் கயிறு போல இறுக்கிக் கட்டும் வழக்கம்தான் அது. 2024-ம் ஆண்டு பிரிட்டன் மருத்துவ இதழ் ஒன்றில் நமது நாட்டு மருத்துவர்கள் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு வயது 70. மற்றவர் எழுபதை நெருங்கியவர். பல ஆண்டுகளாக இடுப்பில் ஒரே இடத்தில் உராய்ந்து உராய்ந்து புண் ஆனது. அது ஆறவே இல்லை. கடைசியில் புற்றுநோயாக மாறிவிட்டது.

பயப்பட வேண்டாம். இது மிக அரிதாக வருவது. ஆனால் இடுப்பில் கறுத்த தழும்பு உள்ள பெண்கள் நம் வீடுகளில் நிறைய உண்டு. நாடாவுக்குப் பதில் இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். ஆறாத புண் இருந்தால் வெட்கப்படாமல் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.

எது எடுப்பாக இருக்கும்?

குட்டையானவர்களுக்குச் சிறு கரை நல்லது. அகலக் கரை ஆளை இன்னும் குட்டையாகக் காட்டும். உயரமானவர்கள் அகலக் கரை கட்டலாம். பருத்த உடம்புக்கு மெல்லிய பருத்திச் சேலையே சிறந்தது. மொடமொடவென்று கஞ்சி போட்டால் உடம்பு இன்னும் பெரிதாகத் தெரியும். ஒல்லியானவர்களுக்கு அந்தக் கஞ்சிச் சேலைதான் எடுப்பு.

ஆனி, ஆடியில் நமது பள்ளத்தாக்கில் வீசும் காற்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் காற்றில் வழவழப்பான நைலக்ஸ் சேலை நிற்காது. பருத்திதான் நிற்கும். அதைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியது இல்லை. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் நெசவாளர்கள் பருத்திச் சேலை நெய்கிறார்கள். சின்னாளபட்டி சுங்குடியும் லேசானது.

ரவிக்கைக்கு முழங்கை வரை கை வைக்கலாம். அக்குளில் இரண்டு விரல் தளர்வு இருக்கட்டும். தோள்வலி உள்ளவர்கள் கொக்கியை முன்பக்கமே வைத்துக் கொள்ளுங்கள்.

நிறம்? பிடித்த நிறம்தான்! கிழவிக்குப் பழுப்பு, கணவனை இழந்தவளுக்கு வெளிர் நிறம் என்று சட்டம் போட்டது யார்? பச்சையும் அரக்கும் நரைத்த தலைக்கு நன்றாகவே இருக்கும். ஏழைகளுக்குப் பொங்கல் சேலை கொடுக்கும் திட்டம் 1983-ம் ஆண்டு தொடங்கியது. 2023 பொங்கலுக்கு 15 வடிவங்களில் சேலை நெய்து கொடுத்தார்கள். அரசாங்கமே பதினைந்து தினுசு கொடுக்கும்போது, பெற்ற தாய்க்கு நாம் ஒரே தினுசுதானா?

ஊர் வாய்

"இந்த வயசில் இவளுக்கு எதற்கு இந்தக் கலர்?" என்று ஊர் பேசும். பேசத்தான் செய்யும். ஆந்திராவில் தோகலப்பள்ளி என்று ஒரு கிராமம். அங்கே 2018-ம் ஆண்டு பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். அடுப்படியில் வேகும் பெண்ணுக்கு எது வசதி என்று அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

நைட்டியில் தவறு இல்லை. அது தரையைப் பெருக்கிக்கொண்டு போவதுதான் தவறு. கணுக்காலுக்கு மேல் வெட்டித் தையுங்கள். சுடிதார் வசதி என்றால் அதையும் போடலாம்.

ஊர் நமது உடையின் நீளத்தை அளக்கும். நாம் கீழே விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்க ஊர் வராது.

மகன்களே, மகள்களே! அடுத்த முறை ஜவுளிக்கடைக்குப் போனால் அம்மாவை முதலில் உட்கார வையுங்கள். "உனக்கு எதும்மா பிடிச்சிருக்கு?" என்று கேளுங்கள். "எதுவானாலும் சரிப்பா" என்றுதான் முதலில் சொல்லுவாள். விடாதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள்.

அவள் கை எந்தச் சேலையைத் தொட்டுப் பார்க்கிறது என்று கவனியுங்கள். அதையே எடுத்துக் கொடுங்கள்!