கூடத்தில் ஒரு குட்டிக் கடல்

மீன் வளர்க்கும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. குளத்து மீனையும் ஆற்று மீனையும் கண்ணாடித் தொட்டியில் விட்டு, வேளைக்கு ஒரு சிட்டிகை இரை போட்டு, அவை வாலை ஆட்டுவதைக் கண்டு மகிழ்கிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் சமுத்திரத்தையே கூடத்தில் கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை இருக்கிறதே, அது வேறு ரகத்தைச் சேர்ந்தது. வீட்டில் குழந்தைகள் இருந்து, ஆரஞ்சு நிற உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனை அவர்கள் சினிமாவில் பார்த்தும் இருந்துவிட்டால், தகப்பனாரின் கதி அதோகதிதான்!

அந்த ஆசை தவறன்று. ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்வது நலம். கடல் தொட்டி வைக்கிறவர்கள் வளர்ப்பது மீனை அன்று, தண்ணீரை. தண்ணீரை நன்றாக வளர்த்துவிட்டால் மீன் தானே வளரும்.

இந்த உண்மையை முதன்முதலில் கண்டறிந்தவர்களில் ஒருவர் ஆங்கில மாது ஒருவர். அன்னா தைன் என்னும் அந்த அம்மாள் 1846-ம் வருஷத்தில் டார்க்கி என்னும் கடற்கரை ஊரிலிருந்து உயிருள்ள பவளங்களை ஒரு ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுபோனார். லண்டனில் கடல் ஏது? கையிருப்பில் இருந்த கடல் நீரையே கெடாமல் காக்க வேண்டியிருந்தது. ஆகவே, திறந்த ஜன்னலருகே நின்று ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்துக்கு அந்த நீரை ஆற்றி ஆற்றி ஊற்றும்படி வேலைக்காரப் பெண்ணுக்குக் கட்டளையிட்டார். நம் வீட்டில் காப்பி ஆற்றுவது போலத்தான்! நீரில் காற்றுக் கலந்தது, பவளங்கள் பிழைத்தன. மறு வருஷம் கடற்பாசியையும் உடன் வைத்தார். நீரைக் காக்கும் வேலையில் பாதியைப் பாசி ஏற்றுக்கொண்டது.

இன்று அந்தப் பெண்ணின் வேலையை ஒரு சிறு மின்சாரப் பம்பு செய்கிறது. மற்றக் காரியங்களை நாம்தான் செய்ய வேண்டும்.

தொட்டி மிகச் சிறியதாக இருந்தால் வேலை சுலபம் என்று நினைப்பது இயல்பு. உண்மை நேர்மாறானது. நீர் குறையக் குறைய, வெப்பமும் உப்பும் வெகு விரைவில் ஏறி இறங்கும். தொடக்கக்காரர்களுக்கு 100 லிட்டருக்குக் குறையாத தொட்டியே உகந்தது. கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து அது 150 கிலோ எடையை எட்டிவிடும். ஆகையால் ஆட்டம் காணும் பழைய மேஜை உதவாது. வெயில் நேரே விழும் ஜன்னலோரமும் கூடாது.

அடுத்தது உப்பு. சமையல் உப்பைக் கரைத்தால் கடல் நீர் ஆகிவிடாது. கடல் நீரில் கால்சியமும் மக்னீசியமும் இன்னும் பல தாதுக்களும் உண்டு. சென்னைக் கரையோரத்துத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வருவதும் விவேகமல்ல. ஊர்ச் சாக்கடை அதில் கலந்திருக்கிறது. இதற்கென்றே விற்கும் கடலுப்புக் கலவையை, வடிகட்டிச் சுத்தம் செய்த நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் வீதம் கரைக்க வேண்டும். 100 லிட்டருக்கு மூன்றரைக் கிலோ ஆயிற்று. அடர்த்தி 1.025 என்று மானி காட்டினால் சரி.

தொட்டியில் நீர் குறைந்தால் என்ன ஊற்றுவது? "உப்பு நீர்தான்" என்பார்கள் பலர். அதுதான் பிசகு. ஆவியாகிப் போவது வெறும் நீர். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆகையால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும், அதுவும் தினந்தோறும். உப்பு நீரையே ஊற்றிக்கொண்டு வந்தால் தொட்டி நாளடைவில் உப்பளமாகிவிடும்.

நீரும் கல்லும் மணலும் பம்பும் ஆகிவிட்டன. இனி மீனை விடலாமா? கூடாது! பொறுமையின் பரீட்சை இங்கேதான் ஆரம்பமாகிறது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது; அதுவும் விஷமே. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அதனால் தீங்கு குறைவு. ருஷிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டியது 1890-ல். இவை கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். மீன் இல்லாத தொட்டியில் ஒரு சிட்டிகை இரையைப் போட்டு அழுக விட்டு, சோதனை மருந்துகளால் வாரந்தோறும் நீரைப் பார்த்துவர வேண்டும். அமோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் இல்லை என்று ஆன பிறகே தொட்டிக்கு உயிர் வந்தது என்று அர்த்தம்.

இடையில் கண்ணாடியெல்லாம் பழுப்புப் பாசி படரும். பிறகு பச்சைப் பாசி வரும். "ஐயோ, கெட்டுப்போயிற்றே!" என்று எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினால், குடியேறிய பாக்டீரியாவும் சாக்கடையோடு போய்விடும், மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நம் வீடுகளுக்கே உரிய சில அபாயங்களையும் சொல்லிவிடுகிறேன். செம்பு கலந்த நீர் மனிதருக்கு எப்படியோ, இறாலுக்கும் நத்தைக்கும் அது யமன். ஆகவே செப்புக் குடமும் பித்தளைச் சொம்பும் இந்தத் தொட்டியின் பக்கமே வரக் கூடாது. கொசு மருந்தை அந்த அறையில் தெளிக்கலாகாது. சோப்புக் கையைத் தொட்டியில் விடலாகாது. மின்சாரம் நின்றுபோனால் நீரோட்டம் நிற்கும். நீரில் பிராணவாயு குறையும். பாட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருப்பது நல்லது. வாரத்துக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டுப் புதிய உப்பு நீர் ஊற்றுவது வழக்கமாகிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம் நமது கோடைக் காலம். தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி வரை உகந்தது. சித்திரை மாதத்துச் சென்னையில் அறையே 33 டிகிரி இருக்கும்! நீர்ப்பரப்பின் மேல் ஒரு விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். அதற்கு மேல் வேண்டுமானால் குளிர்விக்கும் இயந்திரம்தான் வழி.

இரண்டு டிகிரிக்கு இவ்வளவு அமர்க்களமா என்று கேட்கலாம். பவளம் என்பது கல்லும் அன்று, செடியும் அன்று. சின்னஞ்சிறு பிராணிகளின் கூட்டம். அதன் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து, சூரிய வெளிச்சத்தில் சமையல் செய்து வீட்டுக்காரருக்கும் போடுகிறது. வழக்கமான கோடை வெப்பத்துக்கு மேல் ஒன்றிரண்டு டிகிரி ஏறிச் சில வாரம் நீடித்தால் போதும். பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய் வெளுக்கிறது. பிறகு பட்டினியால் மடிகிறது. 1998-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் இதுதான் நடந்தது.

அந்த வளைகுடா ஏற்கெனவே பட்ட காயம் வேறு. தூத்துக்குடிப் பக்கத்துப் பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காக வருஷக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். பாறை போனதும் அலையைத் தடுப்பார் இல்லை. 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் மூழ்கிவிட்டன. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் கல் பவளங்களையும் கடல் விசிறியையும் கடற்குதிரையையும் சேர்த்தது காரணமில்லாமல் அல்ல. உயிருள்ளதானாலும் உலர்ந்ததானாலும் அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். ஆகையால் யாராவது ஒரு கடைக்காரர் பவளத் துண்டை இரகசியமாக நீட்டினால், "வேண்டாம், ஐயா!" என்று கைகூப்பி வந்துவிடுங்கள்.

பவளம் இல்லாமல் பவளப் பாறைத் தொட்டியா என்று சிலர் முகம் சுளிக்கலாம். துளைகள் நிறைந்த செயற்கைக் கற்களைக் குகைபோல் அடுக்குங்கள். முதலில் நாலைந்து நத்தைகளையும் சங்குநண்டுகளையும் விடுங்கள். நத்தை ஓட்டில் ஒட்டிவந்த இளஞ்சிவப்புப் பாசி சில மாதங்களில் கல்லின் மேல் மெல்லப் படரக் காணலாம். இரண்டு வாரம் கழித்து ஒரு ஜோடி கோமாளி மீன். கடலில் பிடித்தவை வேண்டாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரே இவற்றைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையைக் கண்டு, மற்றவர்களுக்கும் கற்பித்திருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீன் தொட்டி வாழ்வுக்குப் பழகியது, கடலுக்கும் நஷ்டமில்லை.

அந்த ஜோடியில் பெரியது பெண், சிறியது ஆண். பெண் இறந்துவிட்டால் ஆணே பெண்ணாக மாறிக் குடும்பப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். இதைப் பற்றிக் குழந்தைகள் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்வது அவரவர் சாமர்த்தியம்.

ஒரு வருஷம் இந்தத் தொட்டியைக் காத்துப் பாருங்கள். ஒரு பிடி இரை அதிகமானால் என்ன ஆகிறது, ஒரு நாள் விசிறி நின்றால் என்ன ஆகிறது என்று குழந்தைகளுக்குத் தானாகவே தெரிந்துவிடும். பிறகு இராமேசுவரத்துக்குப் போய்ச் சமுத்திரத்தைப் பார்க்கும்போது, இது அகண்டமானது, எதையும் தாங்கும் என்ற எண்ணம் அவர்களுக்கு வராது. பெரிய தொட்டிக்குக் கரை இல்லையே தவிர, தண்ணீரின் சுபாவம் இரண்டுக்கும் ஒன்றுதான்.