கடக்வாஸ்லா ரோட்டில் குனிந்த கார்

புனேக்கு வேலைக்கு வரும் நம்ம ஊர்ப் பசங்க இரண்டு வருஷத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக் வாங்கிவிடுகிறார்கள். மூன்றாவது வருஷம் அதைக் கீழே இறக்கும் ஆசை வந்துவிடுகிறது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி தெரிந்தால் அசிங்கமாம். குட்டை ஸ்பிரிங், அதற்கேற்ற ஸ்ட்ரட் எல்லாம் ஆன்லைனில் வந்து இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே பிரித்து மாட்டிவிடலாம் என்று கிளம்புகிறார்கள்.

நான் இதில் எதிர்க்கட்சி. வீட்டில் கார் வேலை செய்வதற்கு இல்லை, காரைத் தாழ்த்துவதற்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வீட்டு வேலை நல்ல விஷயம்தான். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஹோஸ் கிளிப்பையும் ஏ.பி.எஸ். ஒயரையும் விடுவித்து, ஸ்டெபிலைசர் லிங்க்கைக் கழற்றி, கீழே இரண்டு போல்ட், மேலே இரண்டோ மூன்றோ நட்டு எடுத்தால் முன் ஸ்ட்ரட் முழுசாகக் கையில் வந்துவிடும். ஸ்டெப்னி மாற்றும் ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே கையை விடாமல், சமதளத்தில் இரண்டு ஜாக்கி ஸ்டாண்ட் வைத்துச் செய்தால் இதுவரை பெரிய ஆபத்து இல்லை.

ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. ஸ்ட்ரட்டைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதுகூடத் தளர்ந்து இருப்பதில்லை. கழற்றிக் கையில் எடுத்த பிறகும் அமுங்கியேதான் இருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது உச்சியில் நடுவே உள்ள ஒரே ஒரு நட்டு. ஸ்பிரிங் கம்ப்ரஸரை மாட்டி அழுத்தத்தை வாங்காமல் அந்த நட்டைத் திருகினால், மேல் தட்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதிரில் முகம் இருந்தால் முகம், கை இருந்தால் கை. பார்க்கிங்கில் வேடிக்கை பார்க்கக் குழந்தைகள் வேறு நிற்கும்.

கம்ப்ரஸர் இருந்தால் மட்டும் போதாது. கொக்கிகள் இரண்டையும் எதிரெதிராக மாட்டி, இந்தப் பக்கம் நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் ஸ்பிரிங் வில்லாக வளையும், கொக்கி வழுக்கும். "புது ஸ்பிரிங் குட்டைதானே அண்ணா, கையாலேயே உட்கார்ந்துடும்" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னான். புதுசு உட்காரும்ப்பா, பழசு வெளியே வரும்போதுதான் சங்கதியே. என் யோசனை என்னவென்றால், ஸ்ட்ரட்டை வீட்டில் கழற்றுங்கள், ஸ்பிரிங் பிரிக்கும் வேலைக்கு மட்டும் சுவரோடு பொருத்திய பிரஸ் வைத்திருக்கும் கராஜுக்கு ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சரி, பத்திரமாகவே மாட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிடைத்தது என்ன? ரேஸ் கார் மாதிரி திருப்பத்தில் ஒட்டும் என்பதுதான் எல்லோருடைய கனவும். முன் பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள நம்ம சின்னக் கார்களில் கதை கொஞ்சம் வேறு. காரின் எடைமையம் 4 செ.மீ. இறங்கினால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி அதைவிட அதிகமாக இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே தூரம் கூடுவதால் சாயவைக்கும் நெம்புகோல் நீளமாகிறது. அதைச் சரிக்கட்ட ஸ்பிரிங்கைக் கல் மாதிரி கெட்டியாக்குகிறார்கள். கேம்பரும் டோவும் மாறிவிடும், அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயர் உள்விளிம்பு மட்டும் தேயும். ஹெட்லைட் விழும் இடம்கூட மாறும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பழைய ஸ்ட்ரட்டையே விட்டால் இன்னும் மோசம், சின்னப் பள்ளத்துக்கே பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும். ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கும் மகானுபாவர்களைப் பற்றிப் பேசவே விருப்பமில்லை.

இப்போது ரோட்டுக்கு வருவோம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வட்ட வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் நீளம். அதாவது ஒரு சின்னக் காரின் நீளத்தைத் தொடும் அளவுக்கு மெதுவாக ஏறி இறங்க வேண்டியது. அதன் நடு உச்சியில் 2.4 மீட்டர் வீல்பேஸ் உள்ள கார் நின்றால், இரண்டு அச்சுக்கும் நடுவில் மேடு வயிற்றை நோக்கி எழும்புவது சுமார் 4 செ.மீ.தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் கடக்வாஸ்லாவிலிருந்து டோணஜே வழியாகச் சிங்ககட் அடிவாரம் போகும் வழியில் 3.7 மீட்டரை எங்கே தேடுவது? ஊருக்கு ஊர் குறுகலாக, செங்குத்தாக வைத்திருக்கிறார்கள். குறுகிய மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்குத்தான். 16 செ.மீ. சொச்சம் கிளியரன்ஸ் உள்ள காரை 4 செ.மீ. இறக்கி, உள்ளே ஐந்து பேரை ஏற்றினால் மிச்சம் என்ன? மழைக்காலத்தில் அணைக்கரையில் கூட்டம் நெருக்கும்போது, பக்கத்தில் இறங்கி ஓரம் கட்டலாம் என்றால் தார் ஒரு உயரம், மண் ஒரு உயரம்.

அணைகளுக்குச் சின்ன மாதிரி கட்டித் தண்ணீர் விட்டு அளந்து பார்க்கும் நீர்-மின் ஆராய்ச்சி நிலையம் இதே கடக்வாஸ்லாவில் இருக்கிறது, 1916-ல் தொடங்கியது. கார்களைச் சோதிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. கோத்ரூட் பக்கம். அளந்து பார்க்கிற ஊரில் இருந்துகொண்டு கண்ணளவில் காரை இறக்குகிறோம் :-)

எனக்கு நிஜமாகவே பயம் தருவது ஊர்ப் பயணம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சத்தாரா, கோலாப்பூர், ஹுப்ளி, பெங்களூரு, அப்புறம் கிருஷ்ணகிரி, சேலம் என்று இறங்குகிறோம். பின்சீட்டில் அம்மா, மாமியார், நடுவில் பிள்ளை. டிக்கியில் திரும்பி வரும்போது அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி, தேங்காய். 300 கிலோவுக்கு மேல் போகும் அந்தச் சுமையைத் தாங்கத்தான் கம்பெனிக்காரன் பின்பக்கம் அத்தனை இடைவெளி விட்டிருக்கிறான். உங்கள் கண்ணுக்கு அசிங்கமாகப் படும் நாலு விரல், அந்த வீட்டு ஜனங்களுக்கான இடம். அதை முன்கூட்டியே தின்றுவிட்டால் வண்டி வழிநெடுக பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்தே ஓடும். நூறில் போகும்போது மேம்பால இணைப்பில் ஒரு தூக்கு தூக்கினால் பின் டயர் தரையை விட்டு எழும். சாமான் ஏற்றிய காரில், மழையில், பிள்ளை தூங்கும்போது இது நடக்கக் கூடாது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து, கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி.யில் ஸ்பிரிங் உயரம் எழுதியிருக்கிறதா என்று வாதாடலாம். விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயரிடம் அந்த வாதம் எவ்வளவு தூரம் போகும்?

தாழ்ந்த கார் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளிக்காரர்கள் அதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். சக்கர ரிம்முக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்று 1958-ல் அங்கே சட்டம் வந்தபோது, ஹைட்ராலிக் பம்ப் வைத்து வேண்டும்போது தூக்கி, வேண்டும்போது இறக்கினார்கள். ஜெர்மனியில் ஸ்பிரிங் மாற்றினால் பரிசோதனைக்குக் காட்டி, வண்டிக் காகிதத்தில் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. இங்கேயும் அப்படி ஒரு எளிய வழி வந்தால் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன்.

இன்னொன்று, "வண்டி ஆடுது, அதனால்தான் இறக்கணும்" என்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஸ்ட்ரட் தேய்ந்து எண்ணெய் கசிந்திருக்கும். எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காருக்குப் பழைய உயரத்திலேயே புது ஸ்ட்ரட்டும் மேல் மவுண்ட்டும் புஷ்ஷும் போட்டுப் பாருங்கள், வேறு வண்டி மாதிரி இருக்கும். புஷ் போல்ட்டை மட்டும் வண்டி தரையில் நிற்கும் எடையிலேயே கடைசி இறுக்கு இறுக்குங்கள். அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். இரண்டு ஜாக்கி ஸ்டாண்டும் ஒரு டார்க் ரென்ச்சும் என்னிடம் உண்டு. உயரத்தை மாற்றாத வேலை என்றால் சொல்லுங்கள், ஞாயிறு காலை ஆறு மணிக்கே வந்துவிடுகிறேன். சிங்ககட் கூட்டம் கிளம்புவதற்குள் டெஸ்ட் டிரைவும் முடித்துவிடலாம்.