வெற்றிடப் பூச்சும் குரோமியத் தொட்டியும்

ஓர் உலோகத்தின் மேல் மற்றொன்றைப் பூசும் தொழில் இந்நாட்டின் சிறு பட்டறைகளில் பெரும்பாலும் மின்முலாம் முறையிலேயே நடைபெறுகிறது. கடினக் குரோமியப் பூச்சுக்குரிய தொட்டியில் குரோமிக் அமிலம் நிறைந்துள்ளது. மின்சாரம் பாயும்போது அதினின்று எழும் நுண்துளிப் புகை, காற்றோட்டம் குன்றிய கூடங்களில் தொழிலாளரின் மூக்கின் நடுச்சுவரைப் புண்படுத்தித் துளையிடவும் வல்லது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியச் சேர்மங்கள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பன எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1990-இல் வகைப்படுத்தியது. ஆகவே, பி.வி.டி. எனப்படும் பௌதிக ஆவிப்படிவு முறையே இத்தொட்டிகள் அனைத்திற்கும் மாற்று என்று கூறுவோர் உளர். இக்கூற்றில் பாதியே உண்மை.

இம்முறையின் தத்துவம் எளியது. மூடிய கலத்திலிருந்து காற்று வெளியேற்றப்படுகிறது. அழுத்தம் பாதரச அளவில் ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், அணுக்கள் சில மீட்டர் தூரம் மோதலின்றி நேராகச் செல்லும். அந்நிலையில் அலுமினியத்தைச் சூடேற்றினால், அதன் ஆவி எதிரிலுள்ள பொருளின் மேல் படலமாகப் படிகிறது. 1986-இல் திறக்கப்பட்ட காவலூர் வைனு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடி ஒளிர்வது இத்தகைய அலுமினியப் படலத்தினாலேயே. சூடேற்றுவதற்குப் பதிலாக, ஆர்கான் அயனிகளைக் கொண்டு உலோகத் தகட்டைத் தாக்கி அணுக்களைச் சிதறச் செய்வது மற்றொரு வகை. மின்வில்லால் டைட்டானியத்தை ஆவியாக்கி, நைட்ரஜன் வாயுவுடன் சேர்த்துப் பொன்னிற டைட்டானியம் நைட்ரைடாகப் படியச் செய்வது இன்னொரு வகை.

வெட்டுக் கருவிகளுக்கு இக்கடைசி வகை மிகப் பொருத்தமானது. எச்.எஸ்.எஸ். எனப்படும் கருவி எஃகு, பதப்படுத்தப்பட்ட ஏறக்குறைய 550 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறினால் தன் கடினத்தை இழக்கும். வேதி ஆவிப்படிவு முறை வழக்கமாக 1000 பாகையை ஒட்டிய வெப்பத்தில் நிகழ்வதால் அதற்கு ஒவ்வாது. பௌதிக முறையோ 500 பாகைக்குக் கீழேயே நிகழும். இரண்டு முதல் நான்கு மைக்ரான் கனமே உள்ள பூச்சு, எஃகைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் கடினமானது. அதனால் துளைப்பான்களின் ஆயுள் நீடிக்கிறது.

ஆயினும், தேய்ந்த நீரியல் தண்டின் அளவை மீட்க மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் வேண்டியிருக்கும். அக்கனத்தைக் குரோமியத் தொட்டி தரும். சில மைக்ரான் படலம் தராது. அணுக்கள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வதால், ஆழ்ந்த துளையின் உட்சுவரில் பூச்சு சரியாகப் படிவதில்லை. பொன்னிறமாக மின்னும் பித்தளைக் குழாய்கள் பலவற்றில் மேற்படலம் மட்டுமே வெற்றிடத்தில் இடப்பட்டது. அதன் கீழே இருப்பது தொட்டியில் பூசிய நிக்கலும் குரோமியமுமே. துருப்பிடிக்காத எஃகுப் பண்டங்களுக்கு அந்த அடித்தளம் தேவையில்லை. இவ்வேறுபாட்டை அறியாது, “நஞ்சற்ற முறை” என்று பொதுவாகப் பரிந்துரைப்பது பட்டறைக்காரரை ஏமாற்றுவதாகும்.

யந்திரம் வாங்கியதும் பூச்சு வந்துவிடும் என்று கருதுவதும் தவறு. கைரேகையின் எண்ணெய்ப் பசையே படலம் உரிவதற்குப் போதுமானது. எண்ணெய்ப் பரவல் பம்பின் குளிர்நீர் நின்றுவிட்டால், அதன் எண்ணெய் ஆவி கலத்தினுள் புகுந்து அத்தனை பண்டங்களையும் கெடுக்கக்கூடும். கழுவுதலும், கசிவு சோதித்தலும், ஒட்டுதிறன் அளத்தலும் அறிந்த பணியாளர் இன்றேல் யந்திரம் முடங்கிக் கிடக்கும். தொழிலாளியோ பழைய தொட்டியருகிலேயே நிற்பான். வீணாவது பொருள் மட்டுமன்று. அவன் உடல்நலமும் ஆகும்.

ஆகவே களப்பணியாளர் முதலில் கேட்கவேண்டியது யந்திரத்தின் விலையை அன்று. பூச்சின் கனம் எவ்வளவு, பண்டத்தின் வடிவம் யாது, அடிப்பொருள் எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பவற்றையே கேட்க வேண்டும். சிறு பட்டறைகள் கருவிகளைக் கூலிக்குப் பூசித்தரும் நிலையங்களுக்கு அனுப்புவதே பல வேளைகளில் சிக்கனமானது. தொட்டியைத் தவிர்க்க இயலாத இடங்களில், அதன் விளிம்பில் புகையுறிஞ்சி அமைப்பதை மறுநாளைக்கு ஒத்திவைக்கலாகாது. அலங்காரப் பூச்சாயின், மூன்று இணைதிறன் குரோமியக் கரைசலுக்கு மாறுவதும் இயலும்.

ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. தின்பண்டப் பொட்டலத்தின் வெள்ளிநிறத் தாளில், அச்சுமை இல்லாத பகுதியைப் பிரகாசமான விளக்கின் முன் பிடித்தால் ஒளி மங்கலாக ஊடுருவும்; சமையலறை அலுமினியத் தகட்டில் அவ்வாறு ஊடுருவாது. முன்னது வெற்றிடத்தில் படிந்த படலம். பின்னது உருளைகளிடையே நசுக்கப்பட்ட உலோகம். செலவில்லாத இச்சோதனையைச் செய்து காரணம் கேட்டறிந்த மாணவன், பின்னொரு நாள் பூச்சுக்கூடத்தில் பணிபுரிய நேர்ந்தால், பொத்தானை மட்டும் அழுத்துபவனாக இரான்.