எங்களுக்காகப் பேச உங்களை யார் கேட்டது?

மூணாறு மலையில் கொழுந்து கிள்ளுகிறவள் நான். சங்கத்து அண்ணன்மாரே, உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறேன். எங்கள் சம்பளத்தில் சந்தா பிடித்தீர்கள். கொடி தூக்கச் சொன்னீர்கள், தூக்கினோம். ஊர்வலத்தில் முன்னால் நிற்கச் சொன்னீர்கள், கைக்குழந்தையோடு வந்து நின்றோம். தேயிலைக் காட்டில் கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பொம்பளைகள். சங்க ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தது எல்லாம் ஆம்பளைகள். இத்தனை காலத்தில் ஒருநாளாவது உங்களுக்கு அது உறுத்தியதா?

2015 செப்டம்பரை நீங்கள் மறந்திருக்கலாம். நாங்கள் மறக்கமாட்டோம். முந்தின வருஷம் 19 சதவிகிதமாக இருந்த போனஸைக் கம்பெனிக்காரர்கள் 10 ஆக்கினார்கள். அப்போது நாள் கூலி 232 ரூபாய். அந்தக் கூலிக்கு 21 கிலோ கிள்ளியாக வேண்டும். இடுப்பில் படங்கு கட்டி, மழையில் நனைந்து, காலில் அட்டை ஏறினாலும் குனிந்து பார்க்க நேரமில்லாமல், சரிவில் நின்று கிள்ளுகிற 21 கிலோ. நிறுக்கிற இடத்தில் தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழித்தது போக நிற்கிற 21 கிலோ. தீபாவளியும் பள்ளிக்கூடக் கட்டணமும் வட்டிக்கடனும் அந்தப் போனஸை நம்பித்தான் இருந்தன. அதைப் பாதியாக்கியபோது உங்கள் வாய் திறக்கவில்லை. அதனால்தான் எங்கள் வாய் திறந்தது.

காட்டை விட்டு இறங்கினோம். ஆயிரக்கணக்கில் வந்து மூணாறு ரோட்டில் உட்கார்ந்தோம். கொச்சி - தனுஷ்கோடி நெடுஞ்சாலை நின்றது. எந்தக் கொடியும் வேண்டாம், எந்தத் தலைவரும் பக்கத்தில் வரவேண்டாம் என்றோம். பேச வந்த உங்களைத் திருப்பி அனுப்பினோம். வீட்டில் புருஷனிடம்கூட நிமிர்ந்து பேசாத பெண்கள் அன்றைக்கு மைக்கைப் பிடித்துக் கணக்குக் கேட்டார்கள். அதுதான் பெம்பிளை ஒருமை. ஒன்பது நாளில், செப்டம்பர் 13ஆம் தேதி, போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவிகிதம் வாங்கினோம். நாங்களே வாங்கினோம். எங்களுக்குப் பேசத் தெரியாது என்று சொன்னவர்கள் எல்லாம் அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்?

கூலி பேச்சு வந்ததும் பழைய கதை திரும்பியது. கமிட்டியாம், அங்கீகாரமாம், பதிவு பெற்ற சங்கங்களுக்குத்தான் இடமாம். நாங்கள் 500 ரூபாய் கேட்டு மறுபடி ரோட்டில் கிடந்தோம். அக்டோபரில் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தது 301. அதே நாளில் ரப்பருக்கு 381, ஏலக்காய்க்கு 330 என்று முடிவானது. மூன்றிலும் கடைசி தேயிலை. பொம்பளை கை படுகிற வேலை என்றால் விலை ஏன் இறங்கிவிடுகிறது? போதாததற்கு 21 கிலோவை 25 ஆக்க ஒத்துக்கொண்டீர்கள். அந்த நாலு கிலோ என்னவென்று உங்களில் யாருக்குத் தெரியும்? எந்த மேசையில் எந்தக் கை அதை எழுதியது? அந்தக் கை ஒரு முழுநாள் கொழுந்து கிள்ளியிருக்குமா?

அப்புறம் எங்களுக்குள் பிளவு வந்தது. ஆமாம், வந்தது. போராட்டத்தில் முன்னால் நின்ற கோமதி அந்த வருஷமே தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்கு ஜெயித்துப் போனார். மற்றவர்கள் வேறு வழியில் போனார்கள். உடனே டீக்கடை டீக்கடையாகப் பேச்சு: பொம்பளை நாலு பேர் சேர்ந்தால் இப்படித்தான் முடியும் என்று. உங்கள் கட்சிகளும் சங்கங்களும் எத்தனையாக உடைந்து கிடக்கின்றன! ஆம்பளைக்குச் சங்கம் நடத்தத் தெரியாது என்று யாராவது சொன்னார்களா? எங்களுக்கு ஒருமுறை தடுக்கினால் அது பெண்ஜென்மத்தின் குற்றம்.

பேச்சு அதோடு நிற்கவில்லை. 2017 ஏப்ரலில் மந்திரி ஒருவர் மேடையில் எங்கள் போராட்ட நாட்களைச் சொல்லி, குடியும் காடும் என்று அசிங்கமாகப் பேசினார். கூலி கேட்டு ரோட்டில் உட்கார்ந்தவளுக்கு எதிராக வேறெதுவும் கிடைக்காதபோது அவள் மானத்தில் கைவைக்கிறார்கள். எங்கள் பெண்கள் மூணாறில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மந்திரி மந்திரியாகவே இருந்தார். அந்தப் பேச்சுக்குக் கைதட்டியவர்களின் வீட்டிலும் அம்மா இருந்திருப்பாள், கொழுந்து கிள்ளியவளாகக்கூட இருந்திருப்பாள்.

வீட்டைப் பற்றியும் சொல்கிறேன். 58 வயதில் வேலை முடிகிறது. கம்பெனி தந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாலு தலைமுறை உழைத்த மலையில் எங்கள் பெயரில் ஒரு சென்ட் இல்லை. படித்த மகளைக் கூடை தூக்க அனுப்பினால்தான் அந்த ஓரறைக் கூரையைக் காப்பாற்ற முடியும். அப்படி எத்தனை பிள்ளைகளின் படிப்பை அந்தக் கூரை தின்றிருக்கிறது! 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். பலரும் கயத்தாறு பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். மறுநாள் கரிப்பூரில் விமானம் விழுந்தது. செத்தவர்களுக்கு அரசு அறிவித்தது அங்கே 10 லட்சம், எங்களுக்கு 5 லட்சம். விமானத்தில் போனவர்களுக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் உயிருக்கு ஏன் பாதி என்றுதான் கேட்கிறேன். நிலமும் வீடும் கேட்டு, முதலமைச்சர் வந்த வழியில் கோமதி போய் நின்றார். போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. உங்களில் எவரும் அந்த வண்டிக்கு முன்னால் நிற்கவில்லை.

இனியும் கூலி பேசுவீர்கள், போனஸ் பேசுவீர்கள், எங்கள் பெயரைச் சொல்லித்தான் பேசுவீர்கள். அந்த மேசையில் எங்களுக்குப் பாதி நாற்காலி வேண்டும். தலைவர் மனைவியையோ, கட்சி அனுப்பிய மகளிரணிக்காரியையோ உட்காரவைத்துக் கணக்குக் காட்டாதீர்கள். விரல் நுனியில் தேயிலைக் கறை உள்ளவள் வேண்டும். அவள் இல்லாமல் நீங்கள் போடுகிற கையெழுத்து எங்களைக் கட்டாது. சந்தா பிடிக்கிற அன்றைக்கு இதே பதிலைத்தான் சொல்வோம்.