மறந்துபோன ரெக்கார்டு நோட்டு

ஸ்கூல் ஆபீஸ் போனிலிருந்து பிளஸ் ஒன் படிக்கும் மகன் கூப்பிடுகிறான். "அம்மா, கெமிஸ்ட்ரி ரெக்கார்டை மறந்துட்டேன். கொண்டு வர்றியா?" பல வீடுகளில் அடுத்து நடப்பது ஒன்றுதான்: வழியெல்லாம் திட்டிக்கொண்டே அம்மா ஸ்கூட்டியில் கிளம்பிவிடுவார்.

பாசம்தான் அப்படி ஓட வைக்கிறது. ஆனால் அந்த ஓட்டத்தில் பிள்ளை யோசிக்க வேண்டியதையும் சேர்த்து நாமே யோசித்துவிடுகிறோம். திட்டமிடுவது, ஞாபகம் வைப்பது, பதற்றத்தை அடக்குவது, ஒரு வழி அடைபட்டால் இன்னொன்றைத் தேடுவது: இவற்றில் பெரும்பங்கு வகிக்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் பதினாறு வயதில் மறப்பதைத் திமிர் என்று முடிவு கட்டுவது அநியாயம். வயது ஏறினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடவும் முடியாது. பழகினால்தான் வரும்.

போனில் ஒரு கேள்வி போதும்: "சரிப்பா, இப்ப என்ன பண்ணலாம்?" பதில் உடனே வராது. அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் பெற்றோருக்குக் கஷ்டம். கொஞ்ச நேரம் கழித்து, "மிஸ்கிட்ட நானே சொல்லிடறேன், நாளைக்குக் காலைல பிரேயருக்கு முன்னாடி வெச்சிடறேன்" என்று அவனே சொல்வான். அதற்காக இரண்டு திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

ராத்திரி சாப்பிட்ட பிறகு, கோபம் அடங்கியதும், அடுத்த முறைக்கு என்ன செய்யலாம் என்று பேசலாம். "இனிமே மறக்க மாட்டேன்" என்ற சபதம் வேண்டாம். "டியூஷன்லேர்ந்து வந்து செருப்பைக் கழட்டினதும் நாளைக்கான பையை அடுக்கிடுவேன்" என்று இருக்கட்டும். எப்போது, எதற்கடுத்து என்று முடிச்சுப் போட்ட திட்டம்தான் அதிகம் நிறைவேறுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸரின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

நேரக் கணக்கு இன்னொரு சிக்கல். உளவியலாளர்கள் பியூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று மதிப்பிட்ட கல்லூரி மாணவர்களுக்கு 55 நாளுக்கு மேல் ஆனது. பள்ளிப் பிள்ளை "அரை மணி நேரத்துல முடிச்சிடுவேன்" என்றால் அதைப் பொய்யென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆகும் என்று நினைத்த நேரத்தையும் நிஜமாக ஆன நேரத்தையும் நோட்டு ஓரத்தில் அவனே எழுதி வரட்டும்.

பொதுத்தேர்வு அன்று ஹால் டிக்கெட்டை மறந்தால் மட்டும் யோசிக்காமல் ஓடுங்கள். எவ்வளவு பழக்கியும் நாள் தவறாமல் திணறுகிற பிள்ளை என்றால், ஏடிஎச்டி என்னும் கவனக்குறைபாடு போன்ற காரணம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.