பச்சிலைத் தைலமும் பெங்களூரின் கடமையும்

தமிழர் திருநீற்றுப் பச்சிலை என்றும் கன்னடர் காமகஸ்தூரி என்றும் வளர்த்துவரும் செடியின் தைலம் இன்று பெங்களூர்க் கடைகளில் சிறு குப்பிகளில் விற்பனையாவது சந்தோஷமான விஷயமே. ஆயினும், தலைவலி முதல் மன அயர்ச்சி வரை சகல உபாதைகளும் நீங்குமென்று மேலே அச்சிடுவோர், உள்ளே இருப்பது எந்தச் செடியின் சாரம், அதில் என்னென்ன பொருள்கள் எவ்வளவு என்பதைச் சொல்லாமல் விடுவதை நாம் பொறுத்துக்கொண்டிருப்பது நியாயமன்று.

இலையைக் கசக்கி முகர்ந்தாலே பேதம் தெரியும். ஒரு செடியில் சோம்பின் வாசனை தூக்கலாக இருக்கும். பக்கத்துப் பாத்தியில் நிற்கும் மற்றொன்றில் பூவின் மென்மணம் வீசும். முன்னதில் மிகுந்திருப்பது மெத்தில் சாவிக்கால், பின்னதில் லினலூல். துளசியிலோ பெரும்பாலும் கிராம்புக்கு மணந்தரும் யூஜினால். லினலூல் மிகுந்த தைலம் சோப்புக்கும் வாசனைத் திரவியங்களுக்கும் உகந்தது. மெத்தில் சாவிக்காலை மிகுதியாகக் கொடுத்த எலிகளுக்கு ஈரலில் புற்று உண்டானதென்று கண்டபின், ஐரோப்பிய நாடுகள் சில உணவுப் பண்டங்களில் அதன் அளவுக்கு வரம்பு விதித்திருக்கின்றன.

தழைக்குள் நீராவியைச் செலுத்தி, வெளிவரும் ஆவியைக் குளிரச் செய்தால், நீரின்மேல் வெளிர்மஞ்சளாகத் தைலம் மிதக்கும்; 100 கிலோ பச்சைத் தழைக்கு அரைக் கிலோ கிடைத்தாலே நல்ல மகசூல். இவ்வளவு செறிந்த வஸ்துவை, இலைச்சாறுதானே என்று எண்ணி நீரில் சொட்டிப் பருகுவதும் குழந்தைகளுக்குப் புகட்டுவதும் ஆபத்து. ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் ஒரு துளி கலந்து தடவலாம். அறையில் பரிமளம் பரப்பலாம். கொசுவையும் சிறிது நேரம் விலக்கும். கிருமிகளை அது தடுப்பது ஆய்வுக்கூடங்களில் கண்ட உண்மை. ஆனால், கண்ணாடித் தட்டில் கிருமி அடங்கியதைக் காட்டி, மனித தேகத்தில் நோய் தீருமென்று வாக்களிப்பதற்கு ஆதாரம் போதாது.

தைலம் வடிப்பது பெங்களூருக்குப் புதிய வித்தையன்று. 1914-இல் முதல் உலக யுத்தம் மூண்டு, ஜெர்மனிக்குச் சந்தனக் கட்டை போவது நின்றுபோனபோது, மைசூர் சமஸ்தானத்தார் கைகட்டி நிற்காமல், இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ரசாயன அறிஞர்களான சட்பரோ, வாட்சன் ஆகியோரின் துணைகொண்டு 1916-இல் இந்நகரிலேயே சந்தனத் தைலம் வடித்தார்கள். பின்னர் அத்தைலம் உலகெங்கும் மதிப்புப் பெற்றது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து, நறுமணச் செடிகள் ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும் பெங்களூரில் இருக்கிறது. அந்நிலையம் ‘சிம் சௌம்யா’ முதலிய பச்சிலை இனங்களை விவசாயிகளுக்குத் தந்திருக்கிறது. இத்தனை ஞானம் கைவசமுள்ள ஊரில், தாவரப் பெயரையும் முக்கியக் கூறுகளின் விகிதத்தையும் ஒவ்வொரு குப்பியிலும் அச்சிடச் செய்வது அசாத்தியமன்று. கர்நாடக அரசு அதனைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, கேட்டும் விடை சொல்லாத கடையில் நாம் வாங்காதிருப்போம்.