பத்து ஆடு சேர்ந்தால்தான் ஒரு மாடா? ராத்திரி ஈனும் ஆட்டுக்கு டாக்டர் எங்கே?

கயத்தாறு வட்டார விவசாயப் பெருமக்களே! ஆடு வளர்க்கும் தாய்மார்களே!

நம்ம கரிசக்காட்டு வெள்ளாமை வானத்தை நம்பி நிற்குது. மழை ஏமாத்தினால் உளுந்தும் இல்லை, பாசியும் இல்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம், ஆஸ்பத்திரிச் செலவு, கடனுக்கு வட்டி, எதுவானாலும் ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு எட்டயபுரம் சந்தைக்குத்தான் போகிறோம். ஆடுதான் நமக்குப் பேங்க். அந்த பேங்க் ஒரே ராத்திரியில் திவாலாகிறது. அதைப் பேசத்தான் இந்த நோட்டீஸ்.

போன மழைக்காலத்தில் நம்ம பக்கத்து ஊர் ஒன்றில் நடந்தது இது. புருஷனை இழந்த ஒரு அக்கா. ஐந்து கன்னி ஆடுகள்தான் சொத்து. ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஆடு முக்க ஆரம்பித்தது. பனிக்குடம் உடைந்தது. குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே வந்தது, தலை வரவில்லை. போன் போட்டோம். "காலையில கொண்டு வாங்க" என்று பதில் வந்தது. காலையில் கொண்டுபோக ஆடு உயிரோடு இல்லை. வயிற்றில் கிடந்த ரெண்டு குட்டியும் போச்சு.

"எல்லாம் விதி" என்றார்கள். விதி இல்லை அய்யா, இது கணக்கு! அந்தக் கணக்கைக் கேளுங்கள்.

1976-ல் தேசிய விவசாயக் கமிஷன், 5,000 கால்நடை அலகுக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்றது. ஒரு மாடு ஒரு அலகு. ஆடு? பத்து ஆடு சேர்ந்தால்தான் ஒரு அலகு! அதாவது ஆடு மட்டுமே உள்ள இடத்தில் 50,000 ஆட்டுக்கு ஒரு டாக்டர். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் வெள்ளாடு மட்டும் சுமார் 99 லட்சம். இந்த அலகில் போட்டால் அது வெறும் 10 லட்சம் மாடு ஆகிவிடுகிறது. தீனிக்கு வேண்டுமானால் இந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். பிரசவத்துக்குச் சரியா? பத்து ஆடும் ஒரே தொழுவில் ஒரே நேரத்திலா ஈனுகிறது? பத்து வீட்டில், பத்து ராத்திரியில் ஈனுகிறது.

நோயிலும் இதே கதைதான். மாட்டைக் கொன்ற வெக்கை நோயை உலகத்தை விட்டே ஒழித்தாச்சு என்று 2011-ல் அறிவித்தார்கள். அதன் பங்காளி ஆட்டுக்கொல்லி நோய் இன்னும் இருக்கிறது. 2030-க்குள் ஒழிப்போம் என்று 2015-ல் உலக நாடுகள் இலக்கு வைத்தன. ஒரு தடவை ஊசி போட்டால் சுமார் மூன்று வருஷம் தாங்கும். மருந்து இருக்கிறது. ஊசியோடு ஆள் நம்ம கிடைக்கு வர வேண்டும், அவ்வளவுதான்!

அரசாங்கம் ஆடு கொடுத்தது, இல்லையென்று சொல்லவில்லை. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு நாலு ஆடு. 2021-22-ல் விதவை, ஆதரவற்ற பெண்களுக்கு அஞ்சு ஆடு. நல்ல காரியம்தான். ஆனால் கொடுத்த ஆடு முட்டிக்கொண்டு கிடக்கும்போது கைகொடுக்க ஆள் யார்? நம்ம கன்னி ஆடு ரெட்டைக் குட்டி போடும் ஆடு. அதுதான் நமக்கு லாபம். பிரசவத்தில் ஆபத்தும் அதுதான்.

டாக்டர்கள் மேல் நமக்குக் கோபம் இல்லை. ஒரே ஆள் பகல் பூரா ஊசி, கணக்கு, கூட்டம் என்று ஓடுகிறார். ராத்திரியும் அவரே ஓட முடியுமா? ஆள் போடாத அரசாங்கத்தின் மேல்தான் கோபம். நம்ம காட்டில் ஒரு காத்தாடி நின்றுபோனால் ஜீப் பறந்து வருகிறது. ஆடு கிடந்தால் ஒரு சைக்கிள் வருகிறதா?

போராடிப் பெறும் வரைக்கும் நம்ம கையில் இருப்பதை நாம் செய்வோம்:

• சினை ஐந்து மாதம். கடைசி ஒன்றரை மாதத்தில் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ரெட்டைச் சினை ஆடு தீனி தின்னாமல் சோர்ந்து படுத்தால் கர்ப்ப நச்சாக இருக்கலாம். வெல்லத் தண்ணீர் கொடுத்து உடனே டாக்டரிடம் போங்கள்.

• முன்னங்கால் ரெண்டும், அதன் மேல் மூக்கும் முதலில் வந்தால் சரியான பிரசவம். அரை மணி நேரத்துக்கு மேல் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால் காத்திருக்காதீர்கள். பழக்கப்பட்டவர் நகம் வெட்டி, சோப்பு போட்டுக் கை கழுவி, எண்ணெய் தடவிப் பார்க்கலாம். ஆடு முக்கும்போது மட்டும் மெல்ல இழுக்க வேண்டும்.

• குட்டி இடக்காக நிற்கும்போது மருந்துக்கடையில் கேட்டுப் "பிரசவ ஊசி" போடாதீர்கள். கர்ப்பப்பை கிழிந்துவிடும்.

• நஞ்சுக்கொடி தொங்கினால் செருப்பு, கல் கட்டாதீர்கள், பிடித்தும் இழுக்காதீர்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் விழாவிட்டால் சிகிச்சை வேண்டும்.

• தொப்புளுக்கு அயோடின். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். குட்டிக்கு முதல் தடுப்பூசியே அதுதான்.

இவ்வளவு செய்தாலும் வயிற்றைத் திறந்து குட்டியை எடுக்க நம்மால் ஆகுமா? அதற்கு டாக்டர்தான் வேண்டும். ஆகவே நாம் கேட்பது:

1. கயத்தாறு வட்டத்துக்கு ராத்திரிப் பணியில் ஒரு கால்நடை டாக்டரை நியமி!
2. 1962-க்கு அழைத்தால் எந்த நேரமும் வண்டி வர வேண்டும். ஒற்றை ஆட்டுக்கும் வர வேண்டும்!
3. மழைக்கு முன்பே ஊர் ஊராகத் துள்ளுமாரி ஊசி, விடுபட்ட குட்டிகளுக்கு ஆட்டுக்கொல்லி ஊசி போடு! தேதியை முன்கூட்டியே தண்டோரா போட்டுச் சொல்!
4. மருந்தகத்தில் பிரசவ மருந்துகளை இருப்பில் வை, வெளியே எழுதிக் கொடுக்காதே!
5. பத்து ஆட்டுக்கு ஒரு மாடு என்ற கணக்கை மாற்று!

தோழர்களே! 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மண் இது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருப்பது இந்த மண்ணுக்குப் பழக்கம் இல்லை. செத்த ஆட்டைப் புதைத்துவிட்டு வாயையும் மூடிக்கொள்ளும் காலம் போதும். ஊருக்குப் பத்துப் பேராகக் கிளம்பித் தாலுகா ஆபீஸ் முன்னால் கூடுவோம். ஆட்டையும் குட்டியையும் கூட்டிக்கொண்டே வருவோம். அதிகாரிகள் எண்ணிப் பார்க்கட்டும், பத்து ஆடு ஒன்றா பத்தா என்று!

ஆடு காப்போம்! வீடு காப்போம்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
விவசாயிகள் சங்கம், கயத்தாறு வட்டாரம்